பட்டம் உண்டு, பந்தி இல்லை!

1940-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் இரவு. அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அம்பாசடர் என்னும் பெரியதோர் விடுதி. அதன் விருந்து மண்டபத்துக்குத் ‘தென்னந்தோப்பு’ என்று பொருள்படும் பெயர். செயற்கைத் தென்னைகளின் கீழே, மின்னொளியில் குளித்தபடி, ஹாலிவுட் படவுலகின் செல்வமும் செல்வாக்கும் ஒருங்கே வீற்றிருந்தன. சிறந்த படத்துக்கும் சிறந்த நடிப்புக்கும் பரிசு வழங்கும் விழா. ஆஸ்கார் விழா என்று உலகம் அழைக்கிறதே, அந்த விழா!

சிறந்த துணை நடிகை யார்? பெயர் அறிவிக்கப்படுகிறது: ஹாட்டி மக்டானியல்! கையொலி கூரையை முட்டுகிறது. கூந்தலில் வெண்மலர் சூடிய ஓர் அம்மையார் எழுந்து மேடையை நோக்கி நடக்கிறார். எங்கிருந்து நடக்கிறார்? ‘கான் வித் தி விண்ட்’ படத்தின் தயாரிப்பாளரும் நாயகியும் உடன் நடித்தோரும் கூடி அமர்ந்திருந்த பெரிய மேசையிலிருந்தா? இல்லை! சுவரோரம், ஒதுக்குப்புறமாகப் போடப்பட்டிருந்த சிறு மேசையிலிருந்து!

காலந்தாழ்த்தி வந்தாரா, இடம் கிடைக்காமற் போவதற்கு? இல்லை. அழையா விருந்தாளியா? அதுவும் இல்லை. அன்றிரவு பரிசு பெற்ற நடிகை அவர்! பின் ஏன் ஓரத்து மேசை?

அவர் கருப்பர். அந்த விடுதியில் கருப்பருக்கு இடமில்லை. படத்தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியே பேசி, சலுகை கேட்டுப் பெற்ற பிறகே, தமக்குரிய பரிசைத் தாமே பெற்றுக்கொள்ள அம்மையார் அந்த மண்டபத்துக்குள் அடியெடுத்து வைக்க முடிந்தது!

கண்களில் நீர் தளும்ப நன்றி கூறினார் அம்மையார். தம் இனத்துக்கும் படத்தொழிலுக்கும் என்றும் பெருமை சேர்ப்பவளாக இருக்க விழைவதாகச் சொன்னார். கேட்டவர்கள் மீண்டும் கைதட்டினர். அவர் மீண்டும் சுவரோரம் சென்று அமர்ந்தார்.

பட்டம் தந்தனர்; பந்தியில் இடம் தர மனம் வரவில்லை! இதை ஒரு நாள் நிகழ்ச்சி என்று எண்ணிவிட வேண்டாம். அந்த அம்மையாரின் வாழ்வு முழுவதுக்கும், இறப்புக்கும் கூட, இதுவே தலைப்பு. ஆனால், பரிசைக் கேட்டுப் பெற்ற அதே அம்மையார், சில ஆண்டுகளில், கேட்டுப் பெறாமல் போராடிப் பெற்ற ஒன்றும் உண்டு. படவுலகம் பரிசைப் பேசுகிறது. போராட்டத்தைப் பேசுவோர் சிலரே. இரண்டையும் நாம் அறிதல் வேண்டும்.

அடிமையின் மகள்

ஹாட்டி மக்டானியல் 1893-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள், கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் பிறந்தார். பதின்மூன்று மக்களில் கடைக்குட்டி. தந்தை ஹென்றி, தாய் சூசன். இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஆடும் மாடும் போல, ஆண்டையின் சொத்துக் கணக்கில் எழுதப்பட்டவர்கள்.

அடிமை முறையை ஒழிப்பதா, காப்பதா என்ற கேள்வி பெரும் பூசலாக மூண்டு, 1861 முதல் 1865 வரை அமெரிக்காவை இரு கூறாக்கியதன்றோ! அந்தப் போரில் வடவர் படையில் சேர்ந்து போராடியவர் ஹென்றி. போரில் உடல் நலிந்தது. பின்னர், படைவீரனுக்குரிய உதவித் தொகையைப் பெற அவர் ஆண்டுக்கணக்கில் மனுப் போட்டு மனுப் போட்டு அலைய வேண்டியிருந்தது. நாட்டை ஒன்றாக்கக் குருதி சிந்தியவனிடம், “சான்று எங்கே?” என்று கேட்டது நாடு!

1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1868-இல், எல்லாக் குடிமக்களுக்கும் சட்டத்தின் சரிநிகர் பாதுகாப்பு உண்டு எனும் பதினான்காம் திருத்தம் அரசியல் சட்டத்தில் ஏறியது. ஏட்டில் ஏறியது, நாட்டில் இறங்கவில்லை. “கருப்பர் சபிக்கப்பட்ட மரபினர், ஏவல் செய்யவே படைக்கப்பட்டவர்” என்று வேதத்தைக் காட்டி அடிமை முறைக்கு அரண் கட்டிய மதவாணர்கள் தென்பகுதியில் மலிந்திருந்தனர். விலங்கு அறுந்த பிறகும் அந்த நச்சுப் பேச்சு அறவில்லை. ஹாட்டி மூன்று வயது நிரம்பாத குழந்தையாயிருந்தபோது, 1896-இல், “தனித்தனி, ஆனால் சமம்” என்ற விந்தைத் தத்துவத்துக்கு நாட்டின் உச்ச வழக்குமன்றமே முத்திரை குத்திற்று. தனி வண்டி, தனிப் பள்ளி, தனி வாயில், தனிக் குழாய்! தனிமை கிடைத்தது, தட்டாமல். சமத்துவமோ கண்ணில் படவே இல்லை.

குடும்பம் கொலராடோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து டென்வர் நகரில் தங்கியது. பள்ளி நாட்களிலேயே ஹாட்டிக்கு ஒப்பித்தல் போட்டியில் பொற்பதக்கம் கிடைத்தது. பாடல் இயல்பாக வந்தது. அண்ணன்மார் ஓட்டிஸ், சாம், தமக்கை எட்டா. எல்லோருக்குமே மேடை ஆசை. வறுமை வீட்டின் வாயிலில் காவல் நின்றது. கலையோ கூரை வழியே உள்ளே வந்துவிட்டது!

அந்நாளைய மேடை எத்தகையது தெரியுமா? வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கருப்பரைச் சோம்பேறிகளாகவும் மூடர்களாகவும் காட்டிக் கூத்தடிப்பர். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். கருப்பர் மேடையேற வேண்டுமானாலும் அந்தக் கூத்தைத்தான் ஆடியாக வேண்டும். தம்மைத் தாமே பழித்துக்கொண்டால்தான் தமக்குச் சோறு! 1914-இல் ஹாட்டியும் எட்டாவும் பெண்களே நடத்தும் குழு ஒன்றை அமைத்தனர். வேடம் பழையதுதான், ஆனால், வெள்ளையர் கற்பனையில் உதித்த ‘பணிவுள்ள ஆயா’வை மிகைப்படுத்தி ஆடி, அந்தக் கற்பனையையே நகையாடினார் ஹாட்டி. கூலிக்கு ஆடிய கூத்துக்குள் குறும்பும் இருந்தது.

குளியலறையிலிருந்து மேடைக்கு

மணவாழ்வு அவருக்கு நிழல் தரவில்லை. முதற்கணவர் 1915-இல் மறைந்தார். பின்னர் நேர்ந்த மணங்களும் நிலைக்கவில்லை. பாட்டே துணையாயிற்று. டென்வர் வானொலியில் பாடினார். 1926 முதல் 1929 வரை சிகாகோவில் இசைத்தட்டுகளில் பாடினார். தாமே புனைந்த பாடல்களும் அவற்றில் உண்டு.

1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்கப் பொருளியல் ஆலமரம் வேரோடு சாய்ந்தபோது, முதலில் நசுங்கியவை மரத்தடியில் ஒண்டியிருந்த சிற்றுயிர்கள். மேடைகள் மூடின. வேலை தேடி மில்வாக்கி நகர்ப்புறம் சென்ற ஹாட்டிக்கு, ஓர் இரவு விடுதியில் பெண்கள் குளியலறைப் பணியாள் வேலை கிடைத்தது. பதக்கம் பெற்ற கைகள் துண்டு எடுத்துக் கொடுத்தன. அந்த விடுதி மேடையில் வெள்ளையரே பாடுவர். ஓரிரவு வாய்ப்புக் கிட்டியது, பாடினார். மறுநாளிலிருந்து அவர் குளியலறைப் பணியாள் அல்லர், அந்த விடுதியின் பாடகி!

1931-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். அண்ணன் சாம் நடித்த வானொலி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. அதட்டிப் பேசும் பணிப்பெண் பாத்திரம். கேட்டவர்கள் மகிழ்ந்தனர். ஊதியமோ வயிற்றுக்குப் போதவில்லை. ஆகவே, வானொலியில் பணிப்பெண்ணாக நடித்துவிட்டு, வயிற்றுக்காக வீடுகளில் பணிப்பெண்ணாக வேலை செய்தார்!

ஏன் எப்போதும் ஏவற்பெண்?

1932-இல் முதற்படம். பணிப்பெண் வேடம். அடுத்து? பணிப்பெண். அதற்கடுத்து? சமையற்காரி. அவர் தலைகாட்டிய படங்கள் ஏறத்தாழ 300 என்பர். திரையில் பெயர் காட்டப்பட்டவை அவற்றுள் சிறுபகுதியே. 1934-இல் ஜான் ஃபோர்டு இயக்கிய ‘ஜட்ஜ் பிரீஸ்ட்’. 1935-இல் ‘ஆலிஸ் ஆடம்ஸ்’. 1936-இல், பெரும் பாடகர் பால் ராப்சனுடன் ‘ஷோ போட்’. எல்லாவற்றிலும் இடுப்பில் துணி, தலையில் கட்டு, கையில் தட்டு.

ஏன்? அவருக்கு வேறு வேடம் நடிக்கத் தெரியாதா? காரணம் கலையில் இல்லை, கல்லாப்பெட்டியில் இருந்தது. தென் மாநிலங்களின் திரையரங்குகளும் தணிக்கைக் குழுக்களும், கருப்பரைச் சரிநிகராகக் காட்டும் காட்சியைச் சகிக்கமாட்டா. மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைக் குழு இதில் பேர்போனது. அழகும் குரலும் வாய்ந்த கருப்பின நடிகை லீனா ஹார்ன் பாடும் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் தனியே எடுத்துவைப்பர். தென்பகுதிக்குப் படச்சுருள் போகும்போது அந்தத் துண்டை மட்டும் வெட்டி எறிந்தால் கதை அறுபடாதல்லவா! கத்தரிக்கோலுக்கு வசதியாகக் கலை படைத்தார்கள்! போதாக்குறைக்கு, படத்தொழிலார் தாமே வகுத்துக்கொண்ட ஒழுக்கச் சட்டம், வெள்ளையரும் கருப்பரும் காதலிப்பதைத் திரையில் காட்டத் தடை விதித்திருந்தது. காதலியாகக் கூடாது, தலைவியாகக் கூடாது, கற்றவளாகக் கூடாது. எஞ்சியது என்ன? அடுக்களை!

அந்த அடுக்களைக்குள்ளேயே தம் திறமைக்கு இடம் தேடினார் அம்மையார். எசமானியை முறைத்துப் பார்ப்பார். ஒரு பெருமூச்சால் வீட்டாரின் பொய்யை வெளிப்படுத்துவார். ‘ஆலிஸ் ஆடம்ஸ்’ படத்தில், இல்லாத செல்வத்தை இருப்பதாகக் காட்ட முயலும் குடும்பத்தின் விருந்தில், அவர் தட்டேந்தி வரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பகட்டு ஒரு படி கீழே இறங்கும். சொல்லுரிமை இல்லாத பாத்திரத்துக்குப் பார்வையால் உரிமை தேடித் தந்தவர் அவர்.

பெயரில்லாத ஆயா

மார்கரெட் மிட்சல் எழுதிய ‘கான் வித் தி விண்ட்’ புதினம் 1936-இல் வெளிவந்து விற்பனையில் புயல் கிளப்பிற்று. ‘காற்றோடு போயிற்று’ என்பது பெயரின் பொருள். எது போயிற்று? அடிமைகளை வைத்து வாழ்ந்த தென்னாட்டுப் பண்ணையார்களின் பொற்காலமாம்! அது போயிற்றே என்று ஏங்கும் கதை. அந்தப் பொற்காலத்தில் முதுகு பிளந்தவர் யார் என்ற கேள்வி கதைக்குள் எழாது. படமாக்க முன்வந்தார் செல்ஸ்னிக். நாயகியை வளர்த்த கருப்பின ஆயா வேடத்துக்குப் பலர் முயன்றனர். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வீட்டுப் பணிப்பெண் கூட முயன்று பார்த்தார். வேடம் ஹாட்டிக்கே வாய்த்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆயாவுக்குப் படத்தில் பெயரே கிடையாது! எல்லோரும் ‘ஆயா’ என்று பொருள்படும் சொல்லாலேயே அழைப்பர். அவளுக்குக் கணவன் உண்டா, பிள்ளை உண்டா, விடுதலை வந்த நாளில் அவள் நெஞ்சில் என்ன நினைப்பு ஓடிற்று என்று எவரும் கேட்பதில்லை. இத்தகைய வெற்றுக் கூட்டுக்குள் உயிரூட்டினார் ஹாட்டி. குழந்தையின் சாவால் வீடு இடிந்து கிடக்கும்போது, ஒலிவியா டி ஹாவிலண்டுடன் மாடிப்படி ஏறிக்கொண்டே அந்தத் துயரைச் சொல்லி அழும் காட்சி ஒன்றே போதும். அதே காட்சியில் உடன் நடித்த ஒலிவியாவும் அதே பரிசுக்குப் போட்டியில் இருந்தார். பரிசு ஹாட்டிக்கே சென்றது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

படம் முதலில் வெளியான இடம் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா. நாள், 1939 டிசம்பர் 15. அன்று மாநிலமெங்கும் விடுமுறை! நகரெங்கும் தோரணம்! நடிகர்களைக் காண வீதிகளில் மக்கள் வெள்ளம்! ஆனால் ஹாட்டி மக்டானியல் அங்கே இல்லை. படத்தில் நடித்த கருப்பர் ஒருவர்கூட அங்கே இல்லை. வெள்ளையரோடு கருப்பர் ஒரே அரங்கில் அமர்வது அந்த மாநிலத்தில் சட்டத்துக்கு விரோதம். விழா மலரில் அச்சிட இருந்த அவருடைய படத்தையும் அட்லாண்டாவுக்கென்று நீக்கிவிட்டனர். நாயகன் கிளார்க் கேபிள் சினங்கொண்டு, “அவருக்கு இடமில்லையேல் நானும் வரேன்” என்று நின்றதாகவும், ஹாட்டியே அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பியதாகவும் கூறுவர்.

திரையில் வரலாம், தரையில் வரக்கூடாது! நிழலுக்கு வரவேற்பு, உடலுக்குத் தடை!

இதற்கு முந்திய நாள் மாலை, அதே அட்லாண்டாவில் வெள்ளைச் சீமாட்டிகள் நடத்திய நடன விருந்து ஒன்று. அங்கே பாடுவதற்குக் கருப்பர் தேவாலயப் பாடற்குழுவை அழைத்து, பண்ணையடிமை வேடத்தில் நிறுத்தினர். அந்தக் குழுவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் நின்று பாடினான். அவன் பெயர் மார்ட்டின் லூதர் கிங்! 1963-இல் தலைநகர் வாஷிங்டனில் இரண்டரை இலட்சம் மக்கள் முன்னிலையில் விடுதலைக் குரல் எழுப்பினாரே, அவரேதான்! அடிமை வேடம் கட்டி மகிழ்ந்தவர்களுக்கு, அந்த வேடத்துக்குள் நின்றது யார் என்று அன்று தெரியவில்லை.

இருபுறமும் கணை

பரிசு வந்தது. பரிசோடு பழியும் வந்தது. இம்முறை சொந்த மக்களிடமிருந்து! சிகாகோ, வாஷிங்டன் முதலிய நகரங்களில் அரங்குகளின் முன் கருப்பர் மறியல் செய்தனர். “அடிமை வாழ்வை இன்ப வாழ்வாகக் காட்டும் பொய்ப் படம் இது. எசமானுக்காக உருகும் ஆயாவைப் பார்த்துவிட்டு, எங்களை எவன் மனிதனாக மதிப்பான்?” என்பது அவர்கள் கேள்வி. கருப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியக் கழகத்தின் செயலாளர் வால்ட்டர் ஒயிட், 1942-இல் ஹாலிவுட்டுக்கே வந்து முதலாளிகளைச் சந்தித்தார். சிரிப்பு மூட்டவும் ஏவல் செய்யவும் மட்டுமே கருப்பரைக் காட்டும் வழக்கம் ஒழிய வேண்டும், மற்ற மாந்தரைப் போலவே காட்ட வேண்டும் என்று வலியுறுத்தினார்.

நியாயமான கோரிக்கை! மறுப்பவர் யார்? ஆனால், முதலாளிகளோடு பேசிய அவர், அந்த வேடங்களில் நடித்து வயிறு வளர்த்த கருப்பின நடிகர்களோடு கலந்து பேசவில்லை. அவர்கள் உள்ளம் புண்பட்டது. பணிப்பெண்ணாக நடித்தால் வாரம் 700 டாலர், நடிக்காவிட்டால் பணிப்பெண்ணாகவே இருந்து வாரம் 7 டாலர், எது மேல் என்று அம்மையார் கேட்டதாக ஒரு மறுமொழி வழங்குகிறது. கசப்பான மறுமொழி. ஆனால், வானொலியில் நடித்துவிட்டு வீட்டு வேலைக்குப் போன ஒருவரின் வாயிலிருந்து வரும்போது அது வெறும் வாய்வீச்சன்று, பட்டறிவு!

யார் பக்கம் நியாயம்? படங்களைப் பற்றிய வரையில் ஒயிட் சொன்னது முற்றும் உண்மை. கோடிக்கணக்கான மக்கள் மனத்தில் அந்தப் படங்கள் ஓர் இனத்தை ஏவலினமாகப் பதித்தன. ஆயினும், குற்றக்கூண்டில் நிற்க வேண்டியவர் யார்? வேடத்தை எழுதியவன், எடுத்தவன், விற்றவன், கத்தரி பிடித்தவன். இவர்கள் அனைவரும் மெத்தையில் சாய்ந்திருக்க, வேறு வழியடைபட்ட பெண்ணொருத்தியை மட்டும் கூண்டில் நிறுத்துவது எளிது. எளிது என்பதற்காக அது நீதியாகிவிடாது. ஆதிக்கக்காரன் வகுத்த களத்தில், ஒடுக்கப்பட்டவர் இருவர் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டு நிற்க, அவன் வேடிக்கை பார்க்கிறான். இது வரலாற்றில் பழைய காட்சி.

அம்மையார் வாய் திறவாதிருந்தார் என்றும் கொள்ளற்க. ‘கான் வித் தி விண்ட்’ கதையில் கருப்பரை இழிவுபடுத்தும் சொல் ஒன்று மிகுந்திருந்தது. கருப்பின இதழ்களும் கழகத்தாரும் நடிகர்களும் எதிர்க்கவே, அது படத்திலிருந்து நீக்கப்பட்டது. 1942-இல் வந்த ‘இன் திஸ் அவர் லைஃப்’ படத்தில், சட்டம் பயிலும் மகன்மேல் வெள்ளைக்காரி வீண்பழி சுமத்த, அவனுக்காகத் துடிக்கும் தாயாக நடித்தார். 1947-இல் ‘பியூலா’ வானொலித் தொடரில் தலைமைப் பாத்திரம் ஏற்றார். அதற்கு முன் அந்தக் கருப்பினப் பெண் பாத்திரத்துக்குக் குரல் தந்தவர்கள் வெள்ளைக்கார ஆடவர்கள்! வானொலி வலையமைப்பில் தமக்கெனத் தொடர் பெற்ற முதற் கருப்பினப் பெண் ஹாட்டியே. கருப்பர் பேச்சைக் கொச்சைப்படுத்தும் மொழியில் பேசமாட்டேன் என்பதை உறுதியாகச் சொல்லியே அவர் ஒப்பினார். மேலும், புதுவழியில் வந்த இளைய நடிகை லீனா ஹார்னை மற்ற பழைய நடிகர்கள் சிலர் வெறுத்து ஒதுக்கியபோது, வீட்டுக்கு அழைத்து அன்போடு அறிவுரை கூறியவர் இதே ஹாட்டி. தாம் போக முடியாத வழியில் இன்னொருத்தி போவதைக் கண்டு பொறாமை கொள்ளாத உள்ளம்!

வீடு

இனி நாம் சொல்ல வந்த செய்தி. லாஸ் ஏஞ்சல்ஸில் வெஸ்ட் ஆடம்ஸ் ஹைட்ஸ் என்றொரு பகுதி. செல்வ வெள்ளையருக்கென எழும்பிய மாளிகைகள். பொருளாதாரச் சரிவுக்குப் பின் சிலர் தம் மாளிகைகளை விற்க முன்வந்தனர். வாங்கும் வசதி பெற்ற கருப்பர் சிலர் வாங்கினர். மருத்துவர், வணிகர், நடிகர்! ஹாட்டியும் அங்கே பெரியதோர் வெள்ளை மாளிகை வாங்கினார். நடிகையர் லூயிஸ் பீவர்சும் எத்தல் வாட்டர்சும் அக்கம்பக்கத்தார். ‘சுகர் ஹில்’, அதாவது சர்க்கரைக் குன்று, என்று அப்பகுதி பெயர் பெற்றது.

சர்க்கரை சிலருக்குக் கசந்தது. அந்நாளில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒரு சூழ்ச்சி நடைமுறையில் இருந்தது. வீட்டின் பத்திரத்திலேயே, ‘வெள்ளையர் அல்லாதார்க்கு இதனை விற்கலாகாது, அவர்கள் இதில் குடியிருக்கலாகாது’ என்று எழுதிவைப்பர். தெருவார் கூடி ஒப்பமிட்டு உடன்படிக்கை செய்துகொள்வர். எவரேனும் மீறினால் வழக்கு. வழக்குமன்றம் அந்தப் பத்திரத்தை மதித்து, பணம் கொடுத்து வாங்கிய கருப்பரைத் தெருவில் நிறுத்தும். அரசு நேரில் விலக்கி வைத்தால் அது அரசியல் சட்டத்தை மீறுவதாகும். தனி மனிதர் பத்திரத்தில் எழுதிக்கொண்டால் அது ‘ஒப்பந்த உரிமை’! எத்தனை நுட்பமான வேலி!

வெள்ளைக்கார அண்டை வீட்டார் சிலர் வழக்குத் தொடர்ந்தனர். ஹாட்டி முதலான கருப்பின வீட்டுக்காரர்களை வெளியேற்ற வேண்டும் என்பது கோரிக்கை. ஆஸ்கார் பெற்றவர் ஆயிற்றே என்று அவர்கள் தயங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் தம் வீட்டு ஆயாவாக அவரைக் கண்டு கண்ணீர் வடித்தவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரியாக அவரைக் காணப் பொறுக்கவில்லை!

ஓரத்து மேசையில் ஓசையின்றி அமர்ந்த அம்மையார், இங்கே ஓரத்தில் நிற்கவில்லை. தம் வீட்டிலேயே கூட்டங்கள் கூட்டினார். அண்டையில் இருந்த கருப்பினக் குடும்பங்களை ஒன்றுதிரட்டினார். தனித்தனியே போனால் தனித்தனியே வீழ்வோம் என்று உணர்ந்த அவர்கள் ஒன்றாய் நின்று வழக்காடினர். வாதாட முன்வந்தவர் லோரன் மில்லர். இத்தகைய பத்திரங்களை எதிர்ப்பதையே வாழ்வின் பணியாகக் கொண்ட கருப்பின வழக்கறிஞர். 1945 டிசம்பரில் விசாரணை. ஆதரவாளர் ஏறத்தாழ 250 பேர் வழக்குமன்றத்தில் திரண்டனர். நீதிபதி தர்மண்ட் கிளார்க், ஏட்டை மட்டும் பார்க்காமல், நேரே சென்று அந்தத் தெருக்களைப் பார்த்து வந்தார். மறுநாள் தீர்ப்பு: வழக்குத் தள்ளுபடி! பதினான்காம் திருத்தம் தரும் உரிமைகளைக் கருப்பருக்கு முழுமையாக வழங்கும் காலம் வந்துவிட்டது என்றும், நீதிபதிகள் நெடுநாளாக இந்த உண்மைச் சிக்கலை நேரே நோக்காமல் நழுவி வந்தனர் என்றும் அவர் உரைத்தார்.

அடிமையாகப் பிறந்து, விடுதலைக்காகப் போரிட்ட ஹென்றியின் காலத்தில் ஏட்டில் ஏறிய திருத்தம், அவர் மகளின் வீட்டு வாயிலில் வந்து நாட்டில் இறங்கிற்று!

அத்தோடு நின்றதா? மூன்றாண்டுகளில், 1948 மே திங்களில், நாடு முழுவதுக்குமாக உச்ச வழக்குமன்றம் தீர்ப்பளித்தது: இத்தகைய நிறவெறிப் பத்திரங்களை நிறைவேற்றித் தர எந்த வழக்குமன்றத்துக்கும் உரிமையில்லை! அவ்வழக்குகளில் வாதாடியோருள் லோரன் மில்லரும் ஒருவர். பின்னாளில் உச்ச வழக்குமன்றத்தின் முதற் கருப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலும் ஒருவர். நாடெங்கும் நடந்த பல போராட்டங்கள் சேர்ந்தே அந்தத் தீர்ப்பைப் பெற்றன. சர்க்கரைக் குன்று அவற்றுள் ஒளிமிக்கது.

மண்ணுக்கும் நிறமா?

இறுதிக் காலம் இனிதாக இல்லை. ஏவற்பெண் வேடங்கள் குறைந்தன. அவற்றுக்கு ஈடாக வேறு வேடங்கள் வரவில்லை. பழைய கதவு மூடியது. புதிய கதவு திறக்கவில்லை. ‘பியூலா’ தொலைக்காட்சிக்குச் சென்றபோது சில பகுதிகளில் நடித்தார். மார்பகப் புற்றுநோய் அவரை வீழ்த்தியது. 1952 அக்டோபர் 26-இல், 59-ஆம் வயதில் மறைந்தார்.

ஹாலிவுட் இடுகாட்டில் தம்மைப் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். படவுலகத்தார் பலர் துயிலும் இடமன்றோ அது! இடுகாட்டு உரிமையாளர் மறுத்தார். காரணம்? அதே காரணம்! மூச்சு நின்ற பிறகும் தோலின் நிறம் நிற்கிறதாம். எல்லோரையும் ஒன்றாக அரித்துத் தின்னும் மண்ணுக்கு நிறம் பார்க்கத் தெரியவில்லை, மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லா இனத்தவரையும் ஏற்ற ரோஸ்டேல் இடுகாட்டில் அவர் புதைக்கப்பட்டார். 1999-இல் ஹாலிவுட் இடுகாட்டின் புதிய உரிமையாளர் அங்கே அவருக்கு நினைவுக்கல் எழுப்பினார். 2006-இல் அஞ்சல்தலை வெளியிட்டது அரசு. காலங்கடந்த கும்பிடுகள்!

அந்தப் பரிசு என்ன ஆயிற்று? அன்று துணை நடிகருக்குத் தரப்பட்டது சிலையன்று, சிறு பட்டயம். அதனைக் கருப்பின மக்களின் கல்விக்கூடமான ஹோவார்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார் அம்மையார். அங்கிருந்து அது காணாமற்போயிற்று, கிடைக்கவே இல்லை. 2023 அக்டோபரில் புதிய பட்டயம் ஒன்று செய்து அதே பல்கலைக்கழகத்துக்கு வழங்கினர். அவருக்குப் பின், கருப்பினப் பெண் இன்னொருவர் நடிப்புக்காக ஆஸ்கார் பெற 1991 வரை காத்திருக்க நேர்ந்தது. அவர் ஊப்பி கோல்ட்பர்க். தலைமை நடிகைக்குரிய பரிசு ஹாலி பெர்ரிக்குக் கிடைத்தது 2002-இல். ஒருவருக்குப் பரிசு கொடுத்துவிட்டு, அரை நூற்றாண்டு வாயிலை அடைத்து வைத்தது படவுலகம்.

கூர்ந்து பாருங்கள், தோழர்களே! ஆதிக்கக்காரர் தந்த பரிசு அவர் ஒருவருக்கே உரியதாயிற்று. அதைக் கொண்டு அவர் மக்கள் ஒரு வாயிலிலும் நுழைய முடியவில்லை; அவரே நுழைய முடியவில்லை. “பாருங்கள், ஒருத்திக்குக் கொடுத்தோமே!” என்று ஆதிக்கம் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள மட்டுமே அது பயன்பட்டது. ஆனால், அண்டை அயலாரைத் திரட்டி, சட்டத்தைப் படித்து, வழக்குமன்றப் படியேறி வென்ற உரிமையோ முகம் தெரியாத பிற குடும்பங்களுக்கும் பயன்பட்டது. பட்டயம் தொலைந்து போயிற்று, தீர்ப்புத் தொலையவில்லை.

வென்ற உரிமைக்கும் காவல் வேண்டும். 1960-களில் சாண்டா மோனிகா நெடுஞ்சாலை, சர்க்கரைக் குன்றைப் பிளந்துகொண்டு போடப்பட்டது. வீடுகள் பல இடிந்தன. செல்வர் வாழும் பெவர்லி ஹில்ஸ் வழியே போடத் திட்டமிட்ட நெடுஞ்சாலையோ எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. பத்திரத்தால் வெளியேற்ற முடியாத மக்களை, படம் வரைந்து வெளியேற்றலாம்!

ஆகவே, புகழ்மாலை சூட்டப்படும்போது கழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். அந்தக் கழுத்துக்குரியவர் எங்கே அமர்த்தப்படுகிறார் என்று பாருங்கள். அவரோடு அவருடைய மக்களும் உள்ளே வந்தனரா என்று பாருங்கள். அவர்கள் வெளியே நிற்கின்றனர் எனில், சூட்டப்பட்டது மாலையன்று, மறைப்புத் திரை. அந்தத் திரையைக் கிழிக்கும் வேலையை விழா மண்டபங்கள் செய்துதர மாட்டா. கூடி நின்று கேட்கும் மக்களே செய்தாக வேண்டும்.